பொன்னும் பணமும்

பொன்னையும் பணத்தையும் ஒன்றாகவே கருதும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மகளின் திருமணத்திற்கென நகை சேர்ப்பவரும், அறுவடை விற்ற தொகையில் ஆபரணம் வாங்குபவரும், பணத்தையே சேமிப்பதாக எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எந்த அளவிற்குச் சரியானது?

பணம் மூன்று தொழில்களைச் செய்யும் என்பர் பொருளாதார நூலோர். கொள்வதற்கும் விற்பதற்கும் இடைநின்று உதவுதல் ஒன்று. எல்லாப் பொருள்களின் மதிப்பையும் அளக்கும் அளவுகோலாதல் மற்றொன்று. இன்று ஈட்டியதை நாளைக்கென வைத்துக் காத்தல் மூன்றாவது. இவற்றோடு ஓர் உரைகல்லும் உண்டு. கடனுக்கு ஈடாக ஒன்றைக் கொடுக்கும்போது, கடன் கொடுத்தவர் அதனை மறுக்க இயலாதெனின், அதுவே சட்டபூர்வமான செலாவணி.

இவ்வுரைகல்லில் பொன்னை உரைத்துப் பார்ப்போம். 1835-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திற்கும் ஒரே வகை ரூபாயைச் சட்டமாக்கினர். அதன் எடை 180 கிரெயின். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதே எடையில், 15 ரூபாய் மதிப்பிட்டு, மோஹர் என்னும் பொற்காசும் அச்சாயிற்று. ஆனால் எந்தப் பொற்காசும் சட்டபூர்வமான செலாவணி ஆகாது என்று அச்சட்டமே விதித்தது. வெள்ளிக் காசு பணமாயிற்று. அதனினும் விலைமிக்க பொற்காசோ, விரும்பியவர் வாங்கும் சரக்காய் நின்றது. பணமாவதற்கு விலைமதிப்பு மட்டும் போதாது என்பது இதனால் விளங்கும்.

வெள்ளிக்கேனும் அப்பெருமை நிலைத்ததா? 1893 வரையில், வெள்ளிக்கட்டியை நாணயசாலைக்குக் கொண்டுசென்று எவரும் ரூபாயாக அடித்துப் பெறலாம். உலகெங்கும் வெள்ளி விலை வீழ்ந்து வந்தமையால், அவ்வாண்டில் அரசாங்கம் அவ்வுரிமையை நிறுத்தியது. பின்னர் ரூபாயின் மதிப்பு, அதிலுள்ள வெள்ளியின் விலையைக் கடந்து நின்றது.

1899-இல் ஆங்கில நாட்டுச் சவரன், 15 ரூபாய்க்குச் சமமான செலாவணியாக இங்கே ஏற்கப்பட்டது. ஆயினும் பலர் அதனைச் செலவிடாது பெட்டியிற் பூட்டினர், உருக்கி நகையாக்கினர். உள்ளிருக்கும் பொன்னின் விலை காசின் மதிப்பை மிஞ்சினால், அக்காசு கடைவீதியை விட்டு மறைவது இயல்பே. பணமாக வந்த சவரன், இன்று 8 கிராம் தங்கத்தைக் குறிக்கும் எடைப் பெயராக நம் நாவில் எஞ்சியுள்ளது.

வீட்டுக்குரிய இந்நியதி நாட்டுக்கும் உரியது. 1991-இல் அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, ரிசர்வ் பாங்கி ஏறத்தாழ 47 டன் பொன்னை ஈடுவைத்து டாலர் கடன் பெற்றது. இறக்குமதிக்குரிய விலையாகப் பொன் நேரே செல்லவில்லை. அதனைக் காட்டிப் பணம் பெறவேண்டியிருந்தது.

அவ்வாறாயின் பொன்னால் பயனில்லையோ எனின், அன்று. விலைவாசி ஏறுங்கால் பணத்தின் வாங்கும் சக்தி குறைகிறது. ஆதலின் மக்கள் பொன்னை நம்புவது அறியாமையன்று. ஆனால் பொன்னின் விலையும் ஏறியிறங்குவதே. நகையை விற்கச் சென்றால் செய்கூலியும் சேதாரமும் திரும்பி வாரா. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் நல்ல விலை வரும் நாள் வரையில் காத்திரா. ஆகவே, சில மாதச் செலவுக்குரிய தொகையைப் பணமாகவே சேமிப்புக் கணக்கில் வைத்து, எஞ்சியதில் பொன் வாங்குவோர், இடர் வந்த நாளில் நகையை வந்த விலைக்கு விற்கவேண்டிய நிலைக்கு எளிதில் ஆளாகார்.