தில்லிக்கு வரும் மீன்

தில்லிக்குக் கடல் இல்லை. மும்பைக் கரையே சாலை வழியாக ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். ஆனாலும் கிழக்குத் தில்லியின் காஜிப்பூர் மொத்தச் சந்தைக்கு லாரி லாரியாக மீன் வருகிறது. ஆந்திரக் குளத்து ரோகு, கட்லாவிலிருந்து கடலின் வஞ்சிரம், வவ்வால் வரை எல்லாம் ஐஸில் புதைந்தே வருகின்றன. வாங்குபவர்கள் “எத்தனை நாள் மீனோ?” என்று தயங்குவார்கள். எத்தனை நாள் ஆனது என்பதைவிட, அத்தனை நாளும் அது எந்தக் குளிரில் இருந்தது என்பதே முக்கியம்.

ஆட்டிறைச்சியைவிட மீன் ஏன் சீக்கிரம் கெடுகிறது? வலையில் துடித்துச் சாகும் மீனின் தசையில் இருந்த சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடுகிறது. அதனால் செத்தபின் தசையில் புளிப்பு அதிகம் ஏறுவதில்லை. பாக்டீரியாவுக்குத் தடைபோடுவது அந்தப் புளிப்புதான். செவுள், குடல், தோல் ஆகியவற்றிலிருந்த பாக்டீரியா எளிதாகச் சதைக்குள் இறங்கிவிடும். கடல்மீன் உடலில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. பாக்டீரியா அதைச் சிதைக்கும்போது எழுவதே நாம் முகம் சுளிக்கும் கவிச்சி.

மீன் கெடுவதை மெதுவாக்க ஐஸைப்போல மலிவான வழி வேறில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 80 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நம்மைப்போன்ற வெயில் நாட்டில் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் வேண்டும். மேலே தூவினால் போதாது, அடுக்கடுக்காக இடவேண்டும். உருகிய நீர் வடிய வழியும் வேண்டும், அதோடு அழுக்கும் கோழையும் போய்விடும்.

ஐஸில் சிக்கனம் பிடிக்கும் இடத்தில்தான் ஃபார்மலின் நுழைகிறது. பிணத்தைக் கெடாமல் வைக்கும் அந்த ரசாயனத்தை மீனில் கலக்கச் சட்டத்தில் இடமில்லை. கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. அந்நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாளை மீன்மேல் தேய்த்து மருந்துச் சொட்டு விட்டால், சில நிமிடங்களில் நிறம் மாறி ஃபார்மலினைக் காட்டிக்கொடுத்துவிடும். 2018-இல் கேரளத்தின் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ சோதனைகளில் இந்தத் தாள் பயன்பட்டது. சில வகை மீன்களில், குறிப்பாக உறைநிலையில் வெகுநாள் இருந்தால், ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு தானாகவும் சிறிதளவு உருவாகும். ஆகவே இறுதித் தீர்ப்பை ஆய்வகமே சொல்லவேண்டும்.

சூரிய உலர்த்தியில் மணல் ஒட்டாமல் காயும் கருவாடு, குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாத, பையில் அடைத்த மீன்குழம்பு ஆகியவையும் அந்நிறுவனத்தின் ஆராய்ச்சியில் வந்தவையே.

1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறையைக் காட்டி நம் கடலுணவைத் தடுத்தது. அதன்பின் ஏற்றுமதிக் கூடங்கள் அடியோடு மாறின. வெளிநாட்டுத் தட்டுக்குக் கிடைத்த அந்தக் கவனம் உள்நாட்டுச் சந்தைக்கு இன்னும் முழுதாக வரவில்லை. வெயிலில் கூடையும் தராசுமாக உட்கார்ந்திருக்கும் சில்லறை வியாபாரிக்கு மலிவாக ஐஸும் வெப்பம் புகாத பெட்டியும் கிடைக்கச் செய்வதே முதல் வேலை என்பேன்.

வீட்டுக்கு ஒரு குறிப்பு: உறைந்த மீனை வாங்கினால், சமைப்பதற்கு முதல்நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். சாறெல்லாம் வடிந்து சதை சக்கையாகிவிடும்.