மான் கறியில் என்ன சத்து?

ஜொகூரில் கோத்தா திங்கி, மெர்சிங், குளுவாங் வட்டாரங்களில் காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டங்கள் பல உண்டு. 'மான் கறிக்குத் தனி பலம்' என்ற பேச்சு அங்கே அடிக்கடி காதில் விழும். அந்தப் பலம் எது, அதற்காக மானைத் தேட வேண்டுமா என்று இன்று பார்ப்போம்.

மலாயில் ரூசா எனப்படும் கடமான், புல்லும் தழையும் தின்று ஓடித் திரியும் பிராணி. ஆகவே அதன் தசையில் கொழுப்பு அதிகம் சேர்வதில்லை. பொதுவாக 100 கிராம் பச்சை மான் இறைச்சியில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் உண்டு. கொழுப்பு 2 அல்லது 3 கிராம்தான். இரும்புச் சத்தோ 3 மில்லிகிராமுக்கும் சற்று மேல். தசைக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளில் இந்த இரும்பு அடங்கியிருக்கிறது. கீரையிலுள்ள இரும்பைவிட இதை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். சோகையால் சோர்ந்த பெண்களுக்கு இது நல்ல உணவுதான்.

ஆனால், கள்ளத்தனமாக விற்பனைக்கு வரும் காட்டுமான் கறியை வாங்கலாமா? கூடாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உரிமமின்றி மானை வேட்டையாடுவது மட்டுமல்ல, அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். மான்கள் குறைந்துபோனதால், 2009 முதல் பல ஆண்டுகளுக்குக் கடமான், கேளையாடு இரண்டுக்கும் வேட்டை உரிமம் நிறுத்தப்பட்டது. கடமான் புலிக்கு முக்கியமான இரை. காட்டில் இரை குறைந்தால், புலி நம் தோட்டத்து மாடுகளைத் தேடி வரக்கூடும். மேலும், அந்தக் கறி எப்போது வெட்டப்பட்டது, எவ்வளவு நேரம் வெயிலில் கிடந்தது என்பது யாருக்குத் தெரியும்? ஈயக் குண்டின் துகள்களும் அதில் கலந்திருக்கலாம்.

அதே பலத்தை நாம் கடையிலேயே வாங்கலாம். ஆட்டுக்கறியின் புரதமும் இரும்பும் மான் கறிக்கு அதிகம் குறைந்தவை அல்ல. மலிவாகக் கிடைக்கும் கோழி ஈரலில், 100 கிராமுக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் இரும்பு உண்டு; மான் கறியைப்போல் இரண்டரை மடங்கு! ஈரலில் வைட்டமின் 'ஏ' மிகுதி என்பதால், கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவத் தாதியைக் கேட்டுச் சாப்பிடட்டும். நெத்திலி, முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை ஆகியவற்றையும் மாற்றி மாற்றிச் சமைக்கலாம்.

கீரையோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அதிலுள்ள இரும்பு உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிப்போம்.

உரிமம் பெற்ற பண்ணையிலிருந்து மான் கறி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கொழுப்பில்லாத கறி சீக்கிரம் இறுகிவிடும். மிதமான தீயில், நன்றாக வேகும்வரை சமையுங்கள்.

காட்டு மான் காட்டிலேயே இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு வேண்டிய பலம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது.