ஓயாமல் ஓடும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைத் தாங்கிய சொல் என்ற பெருமை, 1989இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், ஏறத்தாழ 430 பொருள்களுடன் ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்கு இருந்தது; பின்னர் நடந்த திருத்தப் பணியில், அகராதியியலாளர் பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதங்கள் உழைத்து 645 பொருள்களாக வகைப்படுத்திய ‘ரன்’ அதனை முந்தியது. கால்களால் விரைதலைச் சுட்டும் இச்சொல்லே ஆறு பாய்வதையும், மூக்கு ஒழுகுவதையும், துவைக்கும்போது துணியின் சாயம் பரவுவதையும், தேர்தலில் போட்டியிடுவதையும், கடை நடத்துவதையும் குறிக்கிறது. தொழிற்புரட்சிக்குப் பின் பெருகிய இயந்திரங்களின் இயக்கத்தைச் சொல்லவும் அதுவே கைகொடுத்ததால் பொருள்கள் மேலும் கிளைத்தன. கணினியில் நிரலை, அதாவது கட்டளைத் தொகுப்பை, இயக்குவதும் அவ்வழி வந்ததே. கிரிக்கெட்டிலோ, பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால், மட்டையாளர் ஓரடிகூட ஓடாமலே நான்கு ‘ரன்’ பெற்றுவிடுகிறார்.