மண்ணிறப் பாசிக்குப் பதற வேண்டாம்

புது மீன்தொட்டி வைத்த இரண்டு மூன்று கிழமைகளில் கண்ணாடியிலும் மணலிலும் மண்ணிறப் படலம் படிந்தால், அது அழுக்கல்ல. பெரும்பாலும் டயற்றம் என்னும் நுண்பாசிதான். சிலிக்காவைக் கொண்டு தன்னைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு கட்டும் உயிர் அது. விரலால் தேய்த்தால் மாவாய்க் கழன்றுவிடும். பச்சைப்பாசி அப்படி இலகுவில் விடாது. தண்ணீரில் கரைந்த சிலிக்கா குறைந்து, கழிவை மாற்றும் பற்றீரியா பெருகியதும் அனேகமாகத் தானாகவே அடங்கிவிடும்.

தொட்டியை முழுதாய்க் கழுவி ஊற்றினால் தீராதா என்று கேட்கலாம். தீராது. வடிகட்டியில் நிலைகொள்ளத் தொடங்கிய நல்ல பற்றீரியா அழியும்; புதுத் தண்ணீரோடு சிலிக்கா மறுபடி வந்து சேரும். அப்படியானால் சும்மா விடுவதா? அதுவுமில்லை. கிழமைக்கு ஒருமுறை பஞ்சால் துடைத்து, கால்வாசித் தண்ணீரை மாற்றி, தீனியைக் குறைத்தால் போதும். இரண்டு மாதம் கடந்தும் விடாவிட்டால் தண்ணீர் எடுக்கும் கிணற்றை நினையுங்கள். உதாரணமாக, யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் தங்குவது. தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைத்திரேற்று அதற்குள் எளிதில் இறங்கி, தொட்டியில் பாசிக்கு உணவாகிவிடும். அப்போது பரிசோதிக்க வேண்டியது தொட்டியை அல்ல, அதில் ஊற்றும் தண்ணீரை.