வாடகைத் தாய்: கையெழுத்திடும் முன் நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



நிக்காஹ் முடிந்து ஓராண்டு ஆனதுமே "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி தொடங்கிவிடுகிறது. நான்கைந்து ஆண்டுகள் கடந்தால் அந்தக் கேள்வியே வீட்டுக்குள் பெரும் பாரமாகிறது. சேலம், பெங்களூரு என்று மருத்துவமனைகள் ஏறி இறங்கி, நகைகளை அடகு வைத்துக் களைத்துப்போன நேரத்தில் யாரோ ஒருவர் வந்து, "வாடகைத் தாய் வைத்துப் பெற்றுக்கொள்ளலாம், எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். அதே ஆள் இன்னொரு தெருவில், கணவரை இழந்து பிள்ளைகளோடு தவிக்கும் ஒரு சகோதரியிடம், "பத்து மாதம் சுமந்து கொடுத்தால் லட்சக்கணக்கில் பணம்" என்கிறார்.

இந்த இரண்டு வீடுகளும் நம் மஹல்லாவில்தான் இருக்கின்றன. சட்டம் தெரியாமல் சரி என்று சொன்னால் இருவருமே சிக்கிக்கொள்வார்கள். பிறக்கும் குழந்தையும் பெற்றோர் யார் என்ற கேள்வியோடு நிற்கும். ஆகவே இந்த இதழில் வாடகைத் தாய் முறையைப் பற்றி நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது, மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள், நமக்கு வேறு வழிகள் என்ன என்பவற்றை விளக்குகிறோம்.

இந்த முறை என்பது என்ன?

கணவரின் விந்தணுவையும் மனைவியின் கருமுட்டையையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்கி, அதை வேறொரு பெண்ணின் கர்ப்பப்பையில் வைக்கிறார்கள். அவர் சுமந்து பெற்று, குழந்தையை அந்தத் தம்பதியிடம் ஒப்படைக்கிறார். சுமக்கும் பெண்ணின் சொந்தக் கருமுட்டையைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை.

மக்கள் இதை 'வாடகைத் தாய்' என்று அழைத்துப் பழகிவிட்டார்கள். ஆனால் இன்றைய சட்டத்தில் வாடகை என்பதே கிடையாது. கூலி கொடுத்துச் சுமக்கவைப்பது குற்றம். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே தரகரின் பாதிப் பேச்சு பொய் என்று விளங்கிவிடும்.

சட்டம் ஏன் வந்தது?

ஒரு காலத்தில் குஜராத்தின் ஆனந்த் நகரம் இதற்காக உலகம் முழுதும் பேசப்பட்டது. வெளிநாட்டுத் தம்பதிகள் அங்கே வந்து ஒப்பந்தம் போட்டார்கள். 2008-ல் ஒரு ஜப்பானியத் தம்பதிக்காக ஓர் இந்தியப் பெண் சுமந்துகொண்டிருந்தார். குழந்தை பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அந்தத் தம்பதி விவாகரத்துச் செய்துகொண்டனர். மனைவி குழந்தை வேண்டாம் என்றார். சுமந்த பெண்ணுக்கும் ஒப்பந்தப்படி பொறுப்பு இல்லை. தந்தையால் குழந்தையை ஜப்பானுக்குக் கொண்டுபோக முடியவில்லை. பாட்டி வந்து பார்த்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகே குழந்தை ஊர் போய்ச் சேர்ந்தது. பிறந்த பச்சிளம் குழந்தைக்குத் தாய் யார் என்று சொல்ல அன்று நம் நாட்டில் ஒரு சட்டம் இல்லை.

இதுபோன்ற பல சம்பவங்களுக்குப் பிறகு, 2021 டிசம்பரில் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் உள்ளது.

"சினிமாக்காரர்கள் செய்யவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். 2022-ல் ஒரு திரைத் தம்பதிக்கு இந்த முறையில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது தமிழக அரசு விசாரணை நடத்தியது. விதிமீறல் இல்லை என்றே அறிக்கை வந்தது. அவர்களுடைய ஒப்பந்தம் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே போடப்பட்டது. இன்று தொடங்கும் ஒருவருக்கு அந்த உதாரணம் பொருந்தாது.

யாருக்கு அனுமதி உண்டு?

சட்டப்படி திருமணமான இந்தியத் தம்பதிக்கு அனுமதி உண்டு. மனைவிக்கு 23 முதல் 50 வயதும், கணவருக்கு 26 முதல் 55 வயதும் இருக்க வேண்டும். ஏற்கெனவே பெற்ற குழந்தையோ தத்தெடுத்த குழந்தையோ உயிருடன் இருந்தால் அனுமதி இல்லை. அந்தக் குழந்தை உடல் அல்லது மனவளர்ச்சிக் குறைபாடோ, குணமாகாத உயிர்க்கொல்லி நோயோ உடையதாக இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. கணவரை இழந்த அல்லது விவாகரத்தான பெண்ணும் 35 முதல் 45 வயதுக்குள் விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது.

மருத்துவக் காரணமும் கட்டாயம் வேண்டும். பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாமை, நோயால் கர்ப்பப்பை அகற்றப்பட்ட நிலை, சோதனைக் குழாய் முறை பலமுறை தோல்வியடைதல், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலைதல், கர்ப்பம் தரித்தால் உயிருக்கே ஆபத்து என்பன போன்ற நிலைகளை விதிகள் குறிப்பிடுகின்றன. வேலை காரணம், உடல் அழகு காரணம் எதுவும் ஏற்கப்படாது.

நம் சமுதாயத்துக்கு இங்கே ஒரு கூடுதல் செய்தி. ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்திட்டதோடு பலர் நிறுத்திக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரின் திருமணங்களும் பதிவு அலுவலகத்திலும் பதிவு செய்யப்பட வேண்டும். குழந்தை தொடர்பான எந்தச் சட்ட நடைமுறைக்கும் அந்தச் சான்றிதழ் தேவைப்படும்.

முதலில் சான்றிதழ், பிறகே சிகிச்சை

சட்டத்தின் சாரமே இந்த வரிசைதான்.

1. மாவட்ட மருத்துவக் குழுவிடம் மருத்துவக் காரணத்துக்கான சான்றிதழ் பெற வேண்டும். மாவட்டத்தின் மூத்த அரசு மருத்துவ அதிகாரி தலைமையில் மகப்பேறு மருத்துவரும் குழந்தை நல மருத்துவரும் இக்குழுவில் இருப்பார்கள்.

2. பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார், வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் உத்தரவு பெற வேண்டும். தம்பதியும் சுமக்கும் பெண்ணும் சேர்ந்து இதற்கு மனுச் செய்ய வேண்டும்.

3. சுமக்கும் பெண்ணுக்கு 36 மாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும்.

4. இவற்றைக் காட்டி, அரசு நியமித்த உரிய அதிகாரியிடம் தம்பதிக்கும் சுமக்கும் பெண்ணுக்கும் தகுதிச் சான்றிதழ்கள் பெற வேண்டும்.

5. பதிவு பெற்ற மருத்துவமனையில் மட்டுமே சிகிச்சை நடக்க வேண்டும்.

நடுவரின் உத்தரவே பின்னர் குழந்தையின் பிறப்புக்கான ஆவணமாக நிற்கும். முத்திரைத்தாளில் மூவரும் கையெழுத்திட்டுத் தரகர் பையில் வைத்திருக்கும் ஒப்பந்தம் அந்த உத்தரவுக்கு ஈடாகாது.

சுமக்கும் பெண்ணுக்கு உள்ள பாதுகாப்பு

அவர் திருமணமானவராகவோ, திருமணமாகி இருந்தவராகவோ இருக்க வேண்டும். சொந்தக் குழந்தை இருக்க வேண்டும். வயது 25 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் சுமக்கலாம். உடல்நலமும் மனநலமும் தகுதியானவை என்று மருத்துவச் சான்று வேண்டும்.

பக்க விளைவுகள் அனைத்தையும் அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்துப்பூர்வமான சம்மதம் பெற வேண்டும். வீட்டில் உருது மட்டுமே பேசும் நம் சகோதரிகளிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது சட்டப்படியான சம்மதம் ஆகாது. கருவை உள்ளே வைக்கும் முன்பு எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கருக்கலைப்புக்கு அவரை யாரும் வற்புறுத்த முடியாது.

மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகள் அனுமதிக்கும் பிற செலவுகள் தவிர அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பணமாகவோ பொருளாகவோ எதையும் கொடுக்கக் கூடாது. வறுமையைக் காட்டி உடலை விலை பேசுவதைத் தடுக்கவே இந்த விதி. வழக்கு வந்தால், கணவரோ உறவினரோ தம்பதியோ அவரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கருதும். இல்லை என்றால் மற்றவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

குழந்தைக்கு உள்ள உரிமை

இந்த முறையில் பிறக்கும் குழந்தை அந்தத் தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும். இயல்பாகப் பிறந்த குழந்தைக்குள்ள எல்லா உரிமையும் அதற்கு உண்டு என்கிறது நாட்டுச் சட்டம். குறைபாட்டோடு பிறந்தாலும், பெண்ணாகப் பிறந்தாலும், ஒன்றுக்கு மேற்பட்டுப் பிறந்தாலும் கைவிடக் கூடாது.

இந்தச் சட்டம் வரும் முன்பே நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் பணியாற்றிய ஒரு தாய், மகனை விபத்தில் இழந்தவர். கர்ப்பப்பையும் அகற்றப்பட்டிருந்தது. 2011-ல் இந்த முறையில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடுப்புக் கேட்டபோது கிடைக்கவில்லை. 2013-ல் நீதிபதி கே. சந்துரு, தத்தெடுத்த தாய்க்குக் கிடைக்கும் விடுப்பு இவருக்கும் உண்டு என்றும், குழந்தையின் பெயரை மருத்துவ அட்டையில் சேர்க்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார். 2017 சட்டத் திருத்தம் தன் கருமுட்டையால் இவ்வாறு தாயானவருக்கு 12 வார மகப்பேறு விடுப்பு வழங்கியது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2024 முதல் 180 நாள் உண்டு.

தரகரை நம்பினால்...

பணத்துக்காக இந்த வேலையை நடத்துவோருக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் கொடுத்துக் குழந்தை பெற முயலும் தம்பதிக்கும் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. இவை ஜாமீனில் விட முடியாத குற்றங்கள். "எங்களுக்குத் தெரியாது, அவர்தான் செய்தார்" என்று சொல்லித் தப்ப முடியாது.

கருமுட்டை விற்பனையும் இதே வலையின் இன்னொரு முனை. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருவரின் கருமுட்டைகள் பலமுறை எடுத்து விற்கப்பட்டது வெளியே வந்து தமிழகத்தையே அதிரவைத்தது. ஆதார் அட்டையில் வயதை மாற்றிக் காட்டியிருந்தார்கள். கைதானவர்களில் சிறுமியின் தாயும் ஒருவர். சட்டப்படி 23 முதல் 35 வயதுள்ள பெண் மட்டுமே, அதுவும் வாழ்நாளில் ஒரே முறைதான் கருமுட்டை கொடுக்க முடியும். உங்கள் தெருவில் யாராவது இளம்பெண்களின் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டு 'ஊசி போட' அழைத்துப் போனால், உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

மார்க்க அறிஞர்கள் சொல்வது

சட்டம் அனுமதித்தாலும் மார்க்கத்தில் ஆகுமா என்பது நமக்குத் தனிக் கேள்வி. உலக முஸ்லிம் நாடுகளின் அறிஞர்கள் அடங்கிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1986-ல் அம்மானில் கூடி ஏழு செயற்கைக் கருத்தரிப்பு முறைகளை ஆராய்ந்தது. நிக்காஹ் நிலைத்திருக்கும்போது, கணவரின் விந்தணுவும் அவர் மனைவியின் கருமுட்டையும் சேர்ந்து, அதே மனைவியின் கர்ப்பப்பையில் வைக்கப்படும் சிகிச்சைக்குத் தேவை கருதி அனுமதி உண்டு என்றது. வேறு ஆணின் விந்தணு, வேறு பெண்ணின் கருமுட்டை, வேறு பெண்ணின் கர்ப்பப்பை ஆகியவை கூடாது என்றது. கணவரின் இன்னொரு மனைவி சுமப்பதும் இதில் அடங்கும். ஷியா அறிஞர்களில் சிலர் இதில் மாறுபட்ட கருத்துக் கொண்டுள்ளனர்.

காரணம் நஸப். பெற்றெடுத்தவளே தாய் என்பதற்கு அல்-முஜாதலா அத்தியாயத்தின் 2-ஆம் வசனத்தை அறிஞர்கள் ஆதாரம் காட்டுகிறார்கள். கரு ஒருவருடையது, சுமந்தவர் வேறொருவர் என்றால் தாய் யார், மஹ்ரம் யார், யார் சொத்தில் யாருக்குப் பங்கு என்ற கேள்விகள் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

எனவே முடிவெடுக்கும் முன் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் முழு விவரத்தையும் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே இந்த முறையில் பிறந்த குழந்தை ஒரு வீட்டில் இருந்தால், அதைச் சுட்டிப் பேசுவது நமக்கு அழகல்ல. அந்தக் குழந்தை எந்தப் பாவமும் செய்யவில்லை.

திறந்திருக்கும் வழிகள்

முதலில் கணவன் மனைவி இருவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். விந்தணுப் பரிசோதனை எளிது. அதைச் செய்யாமலே மனைவியைப் பழிப்பதும், இன்னொரு நிக்காஹ் பேசுவதும் அநியாயம்.

அடுத்தது, ஆதரவற்ற குழந்தையை வளர்ப்பது. பெண் சிசுக்களைக் காக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் நம் தர்மபுரிக்கும் வந்தது. பெற்றோரற்ற குழந்தைகளுக்கு வீடு தேவைப்படுவது நம் மாவட்டத்துக்குப் புதிய செய்தி அல்ல. எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விருப்பமுள்ளவர் அதைப் பயன்படுத்தலாம், கட்டாயம் இல்லை. மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இறுதி உத்தரவை மாவட்ட ஆட்சியர் வழங்குவார்.

குழந்தையின் சொந்தத் தந்தை பெயரை மாற்றாமல் வளர்க்க விரும்புவோர், 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் காப்பாளர் உத்தரவு பெறலாம். ஷரீஅத் முறைப்படி அந்தக் குழந்தை வாரிசாகாது. ஆனால் வாழும்போதே ஹிபாவாகவும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தாகவும் சொத்துக் கொடுக்கலாம். இரண்டு வயதுக்குள் குடும்பத்துப் பெண் ஒருவர் பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்பட்டு மஹ்ரம் சிக்கலும் பெருமளவு தீரும். அதன் நிபந்தனைகளை ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

மருத்துவமனையிலோ உறவினர் மூலமோ ரகசியமாகக் குழந்தையை வாங்கி, பிறப்புச் சான்றிதழில் தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். குழந்தையை விற்பதும் வாங்குவதும் 5 ஆண்டுச் சிறைக்குரிய குற்றம். என்றாவது உண்மை வெளிவந்தால் குழந்தையைப் பிரிய நேரும்.

ஐயம் இருந்தால் தர்மபுரியில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். யாரிடமும் முன்பணம் கொடுக்கும் முன், எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் இதைச் செய்யுங்கள்.

பிள்ளைச் செல்வம் அல்லாஹ்வின் நாட்டம். அதற்காக ஏங்கும் ஒவ்வொரு தம்பதிக்கும் அவன் நல்வழியைத் திறப்பானாக. ஆமீன்.