கார்டு இரண்டா, ஒன்றா?

மும்பை கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிச் சற்று நடந்தால் லாமிங்டன் ரோடு. கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பெயர் போன கடைவீதி. தீபாவளி போனஸை மடியில் முடிந்துகொண்டு, மகனுக்கு விளையாட்டுக் கம்ப்யூட்டர் வாங்கத் தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் வரும் தந்தையரை இங்கே காணலாம். "பழைய கிராபிக்ஸ் கார்டு இரண்டைச் சேர்த்துப் போட்டால் புதியதின் வேகம் வரும், விலையும் மலிவு" என்ற பேச்சு அவர்கள் காதில் விழும்.

ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 2004-ல் என்விடியா நிறுவனம் இரு கார்டுகளை இணைக்கும் 'எஸ்.எல்.ஐ.' முறையைக் கொண்டுவந்தது. திரையில் ஓடும் படங்களில் ஒன்றை ஒரு கார்டு வரைய, அடுத்ததை மற்றது வரையும். ஆனால் விளையாட்டுக்கு விளையாட்டு இதற்குத் தனி ஏற்பாடு தேவை. 2021 ஜனவரி முதல் புதிதாக அவ்வாறு செய்து தருவதை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. ஆகவே இன்றைய விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் இரண்டாவது கார்டு சும்மாதான் கிடக்கும். 8 ஜிபி கார்டு இரண்டு போட்டாலும் விளையாட்டுக்குப் பயன்படுவது 8 ஜிபியே, 16 ஆகாது.

செலவு மட்டும் கூடும். 250 வாட் கார்டு இரண்டென்றால் 500 வாட். அதைத் தாங்கும் பவர் சப்ளை, இரண்டு கார்டுக்கும் இடமுள்ள மதர்போர்டு, சூட்டை வெளியேற்றும் விசிறிகள் என்று செலவு நீளும்.

அதே பணத்தில் நல்ல கார்டு ஒன்றும் தரமான பவர் சப்ளை ஒன்றும் வாங்குவதே புத்திசாலித்தனம். பில்லையும் வாரண்டிச் சீட்டையும் கேட்டு வாங்க மறக்கக் கூடாது.

ஓராண்டு உழைத்துப் பெற்ற போனஸ், சும்மா கிடக்கும் கார்டுக்கா போவது?