ஊரடங்குக் காலமும் நம் குடும்பங்களின் உறக்கமும்

சங்கங்களின் கணக்கைப் பார்வையிடச் செல்லும் ஆய்வாளனுக்கு அங்கத்தினரின் உறக்கத்தைப் பற்றி எழுத என்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும், ஒரு நெசவாளர் சங்கத்தின் உற்பத்திப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இவ்விஷயம் என் கண்ணில் பட்டது.

2020 மார்ச் 25ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. அன்று முதல் பல பக்கங்கள் ஏறத்தாழ வெறுமையாகவே கிடந்தன. நூல் வரவில்லை, திருமணங்களும் திருவிழாக்களும் நின்றமையால் சேலை கேட்பாரும் இல்லை. இதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் தளர்வுகள் வந்து, நூல் வந்து, பாவும் கொடுக்கப்பட்ட பின்னருங்கூட, மாதம் எட்டுச் சேலை கொடுத்து வந்த ஒரு குடும்பம் ஐந்துக்கு மேல் கொடுக்கவில்லை. அவற்றிலும் இரண்டு, இழை அறுந்தது கவனிக்கப்படாமல் நெய்யப்பட்டவையென்று ஒதுக்கப்பட்டிருந்தன. கூலியில் பிடித்தம் வேறு. காரணம் அறிய அவ்வீட்டுக்கே சென்றேன்.

"நூலிலே குறையில்லை, ஐயா. தூக்கம் போய்விட்டது" என்றார் வீட்டுப் பெரியவர்.

அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன். வீட்டில் ஆறு பேர்; கைபேசி ஒன்று. அதுவும் பேத்தியின் படிப்பிற்கென்று கடன்பட்டு வாங்கியது. பள்ளிகள் மூடியிருந்தன. கல்வித் தொலைக்காட்சியில் 2020 ஜூலை முதல் பாடங்கள் ஒளிபரப்பாயின. அவற்றைப் பகலிலேயே பார்த்துவிடுவாள். வீட்டுப்பாடமோ கைபேசியில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் வரும். அதை எழுதிப் படமெடுத்து அனுப்புவதற்குள் பத்தாகிவிடும். அதன் பின்னர் கருவி அவள் தம்பியின் கைக்குப் போகும், விளையாட்டு. பிறகு தகப்பனார் கைக்கு. எந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் இறந்தனர் என்ற செய்திகள். நள்ளிரவு தாண்டியே விளக்கு அணையும். ஒரே அறையில் தறியும் படுக்கையும் உள்ள வீட்டில் ஒருவர் விழித்திருந்தால் அனைவரும் விழித்திருந்ததற்குச் சமம். காலையில் தறிக்குழியில் இறங்கும்போது வெயில் ஏறியிருக்கும். மிதியில் கால் இருக்கும், கண் இராது.

பகலில் சற்றே உறங்கினால் சரியாகிவிடாதா என்று நான் கேட்டேன். பெரியவர் சிரித்தார். "பகலில் உறங்கினால் இரவில் வருமா, ஐயா?" என்றார். நூல்களில் நான் பின்னர் படித்ததும் அதுவே.

நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதன் இயக்கத்தை மூலக்கூறு அளவில் ஆராய்ந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அக்கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைப்பது வெளிச்சம். இருள் கவிந்ததும் மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைச் சுரந்து உடலை உறக்கத்திற்கு ஆயத்தம் செய்கிறது. இரவில் கண்ணருகே பிடித்த திரையின் நீலங்கலந்த ஒளி அச்சுரப்பைத் தாமதப்படுத்தும். காலை வெளிச்சமோ கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். திறந்த வெளியின் பகல் வெளிச்சம் மேகமூட்டத்திலுங்கூட வீட்டு விளக்கைப் போல் பன்மடங்கு.

இங்கேதான் நம் நெசவாளர் வீதியின் பழைய வழக்கம் நினைவுக்கு வருகிறது. பொழுது புலரும் முன்பே தெருவில் பாவை நீளவிரித்து, கஞ்சி போட்டு, ஆணும் பெண்ணுமாக நின்று ஆற்றுவார்கள். பாவு உலர வேண்டுமென்பதற்காகச் செய்த வேலை அது. ஆனால் கூடவே ஒரு மணி, இரண்டு மணி நேரம் காலை வெளிச்சம் அனைவர் கண்ணிலும் பட்டுவந்தது. இரவு நெடுநேரம் விழித்தவனும் மறுநாள் அயலார் கூப்பிட்டால் எழுந்தே ஆகவேண்டும். ஊரடங்கில் கூட்டமாக நிற்கலாகாது என்றபோது இவ்வழக்கம் நின்றது. திரை கூடியதை எல்லோரும் பேசினோம். விடியல் குறைந்ததை நான் அறிந்தவரை எவரும் பேசவில்லை.

திரை ஒன்றையே குற்றவாளியாக்குவதும் சரியன்று. இத்தாலியில் 2020 மார்ச்சில் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது அங்குள்ள ஆராய்ச்சியாளர் சிலர் இளம் வயதினரின் உறக்கத்தை ஆராய்ந்தனர். அவர்கள் பிந்திப் படுத்தார்கள், பிந்தி எழுந்தார்கள், படுக்கையில் அதிக நேரம் கிடந்தார்கள். ஆனாலும் உறக்கத்தின் தரம் குறைந்ததாகவே கூறினார்கள். படுக்கும் முன் திரை பார்ப்பதும் அதிகரித்திருந்தது. ஆனால் உறக்க மாற்றத்திற்கு அது காரணமென்று அவ்வாராய்ச்சி காட்டவில்லை. கவலையும் மனச்சோர்வும் மிகுந்தவர்களிடமே உறக்கக்கேடு அதிகமாயிருந்தது. கூலி நின்ற வீட்டில் தகப்பனார் நள்ளிரவில் செய்தி பார்த்துக் கொண்டிருந்தாரென்றால், செய்தியா அவரை விழிக்க வைத்தது, கூலியா? இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

விவசாய அங்கத்தினர் நிலை சற்று வேறு. இரவு மின்சாரத்திற்காக மோட்டார் போட எழுவதும், மல்லிகை பறிக்க விடியுமுன் தோட்டம் செல்வதும் அவர்களுக்குப் பழகியவை. கோயில்களும் சந்தைகளும் மூடிப் பூ செடியிலேயே வாடிய வாரங்களில், எழுந்து பழகிய உடம்பு எழுந்தது, செய்ய வேலையில்லை, கையில் கைபேசி இருந்தது.

குழந்தைகள் விஷயத்தில்தான் கணக்கைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டுமென்பது மருத்துவர் கருத்து. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எட்டாம் வகுப்பு வரை இணையவழி வகுப்பு நாளுக்கு இரண்டுக்கு மேற்படலாகாது, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடமே என்று வரையறுத்தன. வகுப்புக்கு வரம்பு விதித்தார்கள்; வகுப்பு முடிந்தபின் அதே கருவியில் நடப்பதற்கு யார் வரம்பு விதிப்பது? சீனாவில் ஃபெய்ச்செங் என்னும் ஊரில் 2020ஆம் ஆண்டு பள்ளிப் பிள்ளைகளின் கண்களைப் பரிசோதித்தபோது, ஆறு முதல் எட்டு வயதுக் குழந்தைகளிடையே கிட்டப்பார்வை முந்திய ஆண்டுகளைவிட வெகுவாக மிகுந்திருந்தது. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ இருபது மாதம்! ஏழு வயதுப் பிள்ளைக்கு இருபது மாதம் என்பது அவன் அறிந்த வாழ்வில் பெரும் பகுதி.

இனி என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நாட்களில் மேலிடத்திலிருந்து புள்ளிவிவரம் கேட்டு இரவு பத்து மணிக்குச் செய்தி வரும். நான் அதை உடனே செயலாளர்களுக்கு அனுப்பிவிடுவேன். அவர்கள் அங்கத்தினர்களுக்கு அனுப்புவார்கள். எத்தனை தறி ஓடுகிறது, கையிருப்பு எவ்வளவு என்பதை மறுநாள் காலையில் கேட்டிருந்தால் எதுவும் கெட்டுப்போயிராது. அப்பெரியவர் இதைச் சொல்லிக் காட்டவில்லை. அவர் மகன் கைபேசியைத் திறந்து, 11 மணி 10 நிமிடத்திற்கு வந்த சங்கச் செய்தியை என் முன் நீட்டினார். அதன் வாசகம் என்னுடையது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை வெளிப்படையாகச் சொன்னேன். இரவு எட்டு மணிக்கு மேல் சங்கச் செய்தி எதுவும் அனுப்புவதில்லை என்று தீர்மானமாயிற்று. ஓர் அங்கத்தினர், "ஆய்வாளருக்கும் இது பொருந்துமா?" என்று கேட்டார். பொருந்தும் என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அந்த வீட்டிலும் ஒரு மாறுதல் நடந்தது. என் யோசனையன்று, பேத்தியின் பாட்டியம்மாள் செய்தது. விளக்கு மாடத்தில் மாலை விளக்கேற்றி, இரவு உணவு முடிந்ததும் கைபேசியை விளக்கருகே வைத்துவிட வேண்டும். மறுநாள் வாசல் தெளித்த பிறகே எடுக்கலாம். முதலில் பையன் அழுதானாம். தகப்பனார்தான் அவனைவிட அதிகம் தவித்தாராம். பேத்தியின் ஆசிரியைக்குச் சொல்லியனுப்பி, வீட்டுப்பாடத்தைக் காலையில் அனுப்ப அனுமதி பெற்றார்கள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். மாடம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

சென்ற மாதம் வேறொரு வேலையாக அவ்வீதிக்குப் போனேன். பெரியவர் தறியில் இருந்தார். மாடத்திலிருந்த கைபேசியை எடுத்துத் தந்து, "ஐயா, நேற்றிரவு உங்களிடமிருந்து ஏதோ வந்திருக்கிறது போலிருக்கிறது, நாங்கள் இன்னும் திறக்கவில்லை" என்றார். மணி 9.40 என்று காட்டிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் நாடாவை வீசி நெய்துகொண்டே இருந்தார்.